முதல் பேன்டசி நாவலுக்குக் கருத்துக் கேட்டும் பயனில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நாவலை முடித்துவிட்டீர்கள். ஏஜென்ட்களுக்கு, அதாவது எழுதியவர் சார்பில் நாவலைப் பதிப்பகங்களுக்கு விற்றுத் தருபவர்களுக்கு, அனுப்பும் முன் நாலு பேர் படித்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று பிரதியைக் கொடுத்தும் ஆயிற்று. ஆனால் ஒருவர் பதிலே தருவதில்லை. ஒருவர் பாராட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இன்னும் இருவர் சொல்வது ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருக்கிறது.

நான் சில வருடங்களாக ஒரு சிறிய வாசிப்புக் குழுவில் இருக்கிறேன். முதல் நாவல் எழுதியவர்களின் பிரதிகளை மாற்றி மாற்றிப் படிக்கிறோம், பெரும்பாலும் பேன்டசி. ஒவ்வொரு முறையும் சிக்கல் புதிதுபோலத் தெரியும், பிரித்துப் பார்த்தால் பழைய சிக்கல்தான் உள்ளே இருக்கும். அவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். எளிதில் சரியாகும் காரணம் முதலில் வரும், நேரமும் பணமும் தின்னும் காரணம் பின்னால் வரும்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். வாசகர் "இந்த இடத்தில் ஏதோ சரியில்லை" என்றால் அதை நம்புங்கள். "இதை இப்படி மாற்று" என்றால் உடனே மாற்றிவிடாதீர்கள். இடத்தைக் காட்டுவதில் வாசகர் பெரும்பாலும் தவறுவதில்லை. மருந்து சொல்வதில்தான் தவறுவார்.

இதையெல்லாம் அனுப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒரு ஏஜென்ட் வேண்டாம் என்று சொன்ன நாவலை, அவராகத் திருத்தி அனுப்பச் சொன்னால் தவிர, மறுபடி அவரிடமே கொண்டுபோவது கடினம்.

## அறிகுறி: கொடுத்து இரண்டு மாதமாகியும் யாரும் பதில் சொல்லவில்லை

நாள் குறிக்கவில்லையா? "நேரம் கிடைக்கும்போது படியுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்த நேரம் கிடைக்கப்போவதில்லை. தேதி சொல்லுங்கள். முழு நாவலுக்கு ஆறு வாரம் நியாயமானது.

மொத்தத்தையும் ஒரே கோப்பாகக் கொடுத்தீர்களா? 400 பக்கக் கோப்பைப் பார்த்தவுடன் மனம் தள்ளிப்போடும். முதலில் 50 பக்கம் மட்டும் அனுப்புங்கள், பிடித்தால் மீதியைக் கேட்கட்டும். அவர்களாகக் கேட்கிறார்களா இல்லையா என்பதே உங்களுக்குக் கிடைக்கும் முதல் கருத்து.

படிக்க வசதியாக இருக்கிறதா? 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, பக்க எண். கைப்பேசியில் படிப்பவருக்கு வேறு வடிவத்தில் கொடுங்கள்.

பேன்டசி படிக்கிறவர்தானா? உங்கள் மேல் உள்ள அன்பால் வாங்கிக்கொண்டவர் மூன்றாம் அத்தியாயத்தில் மூச்சுத் திணறுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வருடத்தில் நாலைந்து பேன்டசி நாவலாவது படிப்பவர்களைத் தேடுங்கள். தெரிந்த வட்டத்தில் யாரும் இல்லையென்றால் மற்ற எழுத்தாளர்களோடு மாற்றிப் படிக்கும் ஏற்பாடு இருக்கிறது. கிரிட்டர்ஸ் என்ற இணையப் பட்டறை 1995 முதல் அறிவியல் புனைவு, பேன்டசி, திகில் மூன்றுக்கும் நடக்கிறது. அங்கே மற்றவர்களின் பிரதிக்கு நீங்கள் கருத்து எழுதினால்தான் உங்கள் முறை வரும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள். அடுத்தவர் பிரதியில் ஒரு பிழையைப் பத்து முறை பார்த்த பிறகுதான் அது நம் பிரதியில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் பதில் இல்லையா? "எப்படி இருக்கிறது?" என்று கேட்காமல், "எந்தப் பக்கம் வரை வந்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேர் ஒரே இருபது பக்கத்துக்குள் நின்றிருந்தால் வாசகர்களிடம் பிழை இல்லை. கீழே "முதல் 50 பக்கத்துக்குள்" என்ற தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை

பெரும்பாலும் கேள்விதான் காரணம். "பிடித்ததா?" என்று கேட்டால் மரியாதையுள்ள மனிதர் வேறென்ன சொல்வார்? வாசகரை மதிப்பெண் போட வைக்காமல், நடந்ததைச் சொல்ல வைக்கும் கேள்விகளைக் கேளுங்கள்.

எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தி வேறு வேலைக்குப் போனீர்கள்? எங்கே பத்திகளைத் தாண்டிக் கண்ணை ஓட்டினீர்கள்? எந்தப் பெயரை யார் என்று மறந்து பின்னால் புரட்டிப் பார்த்தீர்கள்? பாதி படித்தபோது முடிவு என்னவாக இருக்கும் என்று நினைத்தீர்கள்? நாயகி என்ன வேண்டும் என்று அலைகிறாள்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஐந்து பேரில் மூவர் அதற்கு வேறு வேறு பதில் சொன்னால், மற்ற கருத்துகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. படித்து ஒரு வாரம் கழித்து, பிரதியைப் பார்க்காமல் கதையை ஐந்து வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் தன் நாவலின் மையம் என்று நினைத்திருந்தது இரு சகோதரர்களின் பகை. திருப்பிச் சொன்ன நான்கு பேரும் பகையைச் சொல்லவே இல்லை. எல்லார் வாயிலும் வந்தது, தம்பி காப்பாற்றி வளர்க்கும் குருட்டுப் பருந்து. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தப் பருந்தை அண்ணனின் கையில் கொடுத்து எழுதிப் பார்த்தார், பகை தானாக நடுவுக்கு வந்துவிட்டது.

இவ்வளவு கேட்டும் பாராட்டு மட்டுமே வருகிறதென்றால், வாசகர் உங்களுக்கு மிக நெருக்கமானவர். உங்கள் முகத்தைத் தினம் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: முதல் 50 பக்கத்துக்குள் நின்றுவிடுகிறார்கள்

முதல் பேன்டசி நாவல்களில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். ஏஜென்ட்களிடம் இதற்கு இரக்கமே கிடையாது. அமெரிக்க ஏஜென்ட்களில் பலர் அறிமுகக் கடிதத்தோடு கேட்பது முதல் 5 அல்லது 10 பக்கம்தான். பிரிட்டனில் வழக்கமாக முதல் மூன்று அத்தியாயம் அல்லது 10,000 சொற்கள் போகும். 200ஆம் பக்கத்தில் வரும் அற்புதம் அவர்கள் கண்ணிலேயே படாது.

முகப்பு அத்தியாயம் இருக்கிறதா? ஆயிரம் வருடத்துக்கு முந்தைய போர், சாபம், தீர்க்கதரிசனம். அதை எடுத்துவிட்டு, இரண்டு புதிய வாசகர்களிடம் முதல் அத்தியாயத்திலிருந்து கொடுங்கள். எதுவும் புரியவில்லை என்று சொன்னால் திரும்ப வையுங்கள். நான் பார்த்த பிரதிகளில் திரும்ப வைக்க வேண்டிவந்தது மிகக் குறைவு.

முதல் பக்கத்தில் எத்தனை புதுப் பெயர்? பக்கத்தை அச்செடுத்து, நீங்கள் உருவாக்கிய ஒவ்வொரு சொல்லையும் பேனாவால் வட்டமிடுங்கள். இந்தச் சோதனைக்கென்றே நான் எழுதிப் பார்த்த ஒரு தொடக்கம்:

*ஏழாம் ஆரோத் யுகத்தின் மூன்றாம் வேல்மதி நாளில், தர்க்கேல் நாட்டின் வட எல்லையான உஷ்மார் கோட்டையின் கோபுரத்தில், சாவரியக் குலத்தின் கடைசி இளவரசன் இலான், ஒன்பது நிசாரிகளின் சாபம் பெற்ற மெகிர் வாளை ஏந்தி நின்றான்.*

ஒரே வாக்கியத்தில் எட்டு வட்டம். எழுதியவருக்கு அந்த எட்டும் ஐந்து வருடப் பழக்கம். வாசகருக்கு எட்டுப் பூட்டிய கதவுகள். இதையே இப்படிப் பாருங்கள்:

*வாளைக் கீழே வைக்க முடியவில்லை. இலான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். பிரித்த விரல் தானாக மடங்கி மறுபடி பிடியைப் பற்றிக்கொண்டது. கோபுரத்தின் அடியில் யாரோ கதவைத் தட்டினார்கள்.*

ஒரே பெயர்தான். சாபம் என்ற சொல்லே இல்லை, ஆனால் சாபம் வாசகரின் கைக்கு வந்துவிட்டது. தர்க்கேலும் உஷ்மாரும் இதற்குப் பிறகு தாராளமாக வரட்டும்.

கதை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது? நாயகனின் வழக்கமான வாழ்க்கையில் முதல் முறையாக ஏதோ உடைகிற பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அது 40ஆம் பக்கத்தில் இருந்தால், அதற்கு முன்னால் இருப்பதில் எது இல்லாமல் அந்த உடைப்பு புரியாதோ அதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் அரைப் பக்கத்துக்கு மேல் வராது.

இத்தனையும் செய்த பிறகும் நிற்கிறார்களா? அப்படியானால் பிழை வாக்கிய அளவில் இருக்கலாம். முதல் பத்துப் பக்கத்தை வேறொருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் தடுமாறும் இடங்களில் கோடு போடுங்கள். நீங்களே வாசித்தால் தடுமாற மாட்டீர்கள், ஏனென்றால் உங்களுக்கு மனப்பாடம்.

## அறிகுறி: "மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று புரியவில்லை"

இதைக் கேட்டவுடன் எல்லாரும் விளக்கப் பத்தி ஒன்றைச் சேர்ப்பார்கள். சேர்க்காதீர்கள். வாசகரிடம் திருப்பிக் கேளுங்கள்: எந்தக் காட்சியில் அப்படித் தோன்றியது? அது பெரும்பாலும் மந்திரத்தால் சிக்கல் தீர்ந்த காட்சியாக இருக்கும். உண்மையில் அவர் சொல்வது "புரியவில்லை" என்பதல்ல, "ஏமாற்றிவிட்டீர்கள்" என்பது. அந்த மந்திரத்தால் என்ன முடியும், அதற்கு என்ன விலை என்பது முன்பே ஒரு சிறிய காட்சியில் வந்திருந்தால் போதும். சுவர்க்கோழி அளவு விஷயத்தில் ஒரு முறை தோற்றுக் காட்டுங்கள். மலை அளவு விஷயத்தில் ஜெயிக்கும்போது நம்புவார்கள்.

## அறிகுறி: இரண்டு பேர் நேர்மாறாகச் சொல்கிறார்கள்

இதில்தான் பலர் மனம் உடைந்து, ஒருவர் சொன்னபடி மாற்றி, மற்றவர் சொன்னபடி திரும்ப மாற்றி, ஆறு மாதத்தைத் தொலைக்கிறார்கள். நானும் தொலைத்திருக்கிறேன்.

ஒரு அட்டவணை போடுங்கள். இடது பக்கம் அத்தியாய எண், மேலே வாசகர்களின் பெயர். கட்டத்துக்குள் அவர்கள் சொன்ன தீர்வை எழுதாதீர்கள். அந்த இடத்தில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். "சலிப்பு", "குழப்பம்", "நம்பவில்லை", "அவசரம்". பிறகு குறுக்காகப் பாருங்கள்.

என் நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு அரசி இறக்கிறாள். ஒருவர் "மரணம் ரொம்ப அவசரமாக முடிந்துவிட்டது" என்றார். இன்னொருவர் "அந்த அத்தியாயம் இழுவை" என்றார். நீட்டவா, சுருக்கவா என்று பல நாள் தவித்தேன். அட்டவணையைப் பார்த்தபோதுதான் இருவரும் ஒரே இடத்தில் விரல் வைத்திருப்பது தெரிந்தது. அரசிக்கும் மகளுக்குமான ஒரே நெருக்கமான காட்சி நாலாம் அத்தியாயத்தில் இருந்தது, நீளத்தைக் குறைக்க அதை வெட்டியிருந்தேன். அதனால் முதல் வாசகருக்கு அழக் காரணம் கிடைக்கவில்லை. இரண்டாமவருக்கு அழுபவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. நாலாம் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை, புகாரும் திரும்ப வரவில்லை.

ஆகவே கணக்கு இது. இருவர் ஒரே இடத்தைக் காட்டினால், காரணம் மாறுபட்டாலும், அந்த இடத்தையும் அதற்கு முன்னால் இருப்பதையும் பாருங்கள். ஒருவர் மட்டும் காட்டினால் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வாசகர் வரும்வரை விடுங்கள். ஒருவரே சொன்னாலும் படித்தவுடன் உங்களுக்குள் "ஆமாம், தெரியும்" என்று சுருக்கென்று பட்டால், காத்திருக்க வேண்டாம்.

நேரில் கூடிப் பேசுவதாக இருந்தால் ஒரு பழைய முறை கைகொடுக்கும். 1956இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் டேமன் நைட் முதலான அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் தொடங்கிய பட்டறையின் பெயரால் அதை மில்ஃபோர்டு முறை என்பார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள்; எல்லாரும் முடிக்கும்வரை எழுதியவர் பேசக் கூடாது. அந்த அமைதி மிகவும் கஷ்டம். ஆனால் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுவார். ஏஜென்ட்டின் மேஜைக்கும் உங்கள் விளக்கம் பிரதியோடு சேர்ந்து வராது.

## அறிகுறி: நீளம் அதிகம் என்கிறார்கள், வெட்ட எதுவும் இல்லை

ஆங்கிலத்தில் பெரியவர்களுக்கான முதல் பேன்டசி நாவல் என்றால் 90,000 முதல் 1,20,000 சொற்கள் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. 1,80,000 என்று கடிதத்தில் பார்த்தவுடனே பக்கங்களைத் திறக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் காட்சிப் பட்டியல் எழுதுங்கள், காட்சிக்கு ஒரு வரி. வரியின் முடிவில் "இதனால்" என்று போட்டு அடுத்த காட்சியைச் சேர்க்க முடிகிறதா பாருங்கள். "அப்புறம்" என்று மட்டுமே சேர்க்க முடிந்தால் அந்தக் காட்சி வெட்டுக்குத் தயார். பயணக் காட்சிகளும், வாசகர் கண்ணால் பார்த்ததையே ஒரு பாத்திரம் இன்னொருவருக்குச் சொல்லும் காட்சிகளும் முதலில் விழும்.

அதன் பிறகும் 1,50,000க்குக் கீழே வரவில்லையா? இரண்டு நாவல் ஒன்றாக ஒட்டியிருக்கலாம். நடுவில் ஒரு பெரிய முடிவுபோல ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஆனால் வெறுமனே பாதியில் வெட்டினால் போதாது, முதல் பாதி தன்னளவில் முடிய வேண்டும். இது மறு எழுத்து, மாதக்கணக்கில் ஆகும்.

## அறிகுறி: படித்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது, ஏஜென்ட்கள் மறுக்கிறார்கள்

சிலருக்கு அனுப்பிவிட்டு வந்திருப்பீர்கள். எந்தக் கட்டத்தில் மறுக்கிறார்கள் என்று பிரியுங்கள்.

பக்கங்களையே யாரும் கேட்கவில்லை. நாவலைத் தொடாதீர்கள். பிழை கடிதத்தில், சொல் எண்ணிக்கையில், அல்லது பேன்டசி எடுக்காத ஏஜென்ட்டுக்கு அனுப்பியதில் இருக்கலாம். கடிதத்தை *நாவலைப் படிக்காதவரிடம்* காட்டுங்கள். படித்தவர் மூளை விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஒரு பக்கத்துக்குள், யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் என்ன போகும் என்று அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். உங்கள் நாவலுக்கு ஒப்பானவை என்று கடிதத்தில் காட்டும் புத்தகங்கள் சமீபத்திய சில வருடங்களுக்குள் வந்தவையாக இருக்கட்டும்.

சில அத்தியாயங்களைக் கேட்டு, அதோடு நிறுத்திவிட்டார்கள். கடிதம் நன்றாக வேலை செய்கிறது. பிழை தொடக்கத்தில், அல்லது கடிதம் சொன்ன கதைக்கும் பக்கங்கள் சொல்லும் கதைக்கும் உள்ள இடைவெளியில்.

முழுப் பிரதியையும் கேட்டு மறுத்தார்கள். நல்ல செய்தி இது, வலித்தாலும். காரணம் எழுதியிருந்தால் அவரையும் அட்டவணையில் ஒரு வாசகராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## எப்போது பணம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும்

மேலே உள்ளவற்றைச் செய்து, குறைந்தது இரண்டு சுற்று வாசகர்கள் படித்த பிறகும் அதே இடத்தில் அதே புகார் வந்து, எப்படிச் சரிசெய்வது என்று உங்களுக்கும் தெரியவில்லையென்றால், அப்போது. அதற்கு முன்னால் கொடுத்தால், இலவசமாகக் கிடைத்திருக்கும் கருத்தையே விலைக்கு வாங்குவீர்கள்.

கதை அமைப்பைப் பார்க்கும் எடிட்டர்தான் வேண்டும், எழுத்துப்பிழை பார்ப்பவர் அல்ல. முழு எடிட்டிங் செலவு அதிகம்; பல எடிட்டர்கள் பிரதியைப் படித்துச் சில பக்க மதிப்பீட்டறிக்கை மட்டும் எழுதித் தருவார்கள், முதலில் அதைக் கேளுங்கள். பேன்டசியில் வேலை செய்தவரா என்று பாருங்கள், சில பக்கங்களுக்கு மாதிரி கேளுங்கள். உங்களுடையதல்லாத ஒரு சமூகத்தையோ வாழ்வனுபவத்தையோ எழுதியிருந்தால், அதை அறிந்த ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துப் படிக்கச் சொல்வதும் தகும்.

ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் படிப்பதற்கே கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். முறையான ஏஜென்ட் புத்தகம் விற்றால்தான் சம்பாதிப்பார். வழக்கமான கமிஷன் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளுக்குப் பெரும்பாலும் 20. சந்தேகம் வந்தால் அறிவியல் புனைவு, பேன்டசி எழுத்தாளர்கள் சங்கத்தின் ஆதரவில் நடக்கும் ரைட்டர் பிவேர் தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

## அறிகுறி: திருத்தம் முடியவே இல்லை

புதிய வாசகர்கள் வர வர மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். கடைசிச் சுற்றில் வந்த குறிப்புகளை மட்டும் எடுத்துப் பிரியுங்கள். அத்தியாயம், பாத்திரம், முடிவு பற்றியவை ஒரு பக்கம். சொல், வாக்கியம், பிடிக்காத ஒரு பெயர் பற்றியவை மறுபக்கம். முதல் பக்கம் காலியாக இருந்தால் வாசகர்களின் வேலை முடிந்தது. கடைசி வாசகரை முழுக்கப் புதியவராக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வடிவம் எதையும் பார்த்திருக்கக் கூடாது. அவர் நிற்காமல் கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டால், கோப்புக்குத் தேதி போட்டு மூடுங்கள். பட்டியலில் உள்ள எல்லா ஏஜென்ட்டுக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டாம். ஆறேழு பேருக்கு மட்டும் அனுப்புங்கள், யார் எந்தக் கட்டத்தில் பதில் சொல்கிறார்கள் என்று அதே அட்டவணையில் ஒரு புதிய நெடுவரிசை திறந்து குறியுங்கள்.